வண்டி எண்ணும் கணக்கு: கொத்தவால் சாவடி முதல் பரந்தூர் வரை



பரந்தூர் விமான நிலையம் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் குடியிருப்பில் இரண்டு கேள்விகள்தான் வருகின்றன. மனை விலை எவ்வளவு ஏறும்? மெட்ரோ எதுவரை வரும்? சாலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வரும் வண்டியைத் திட்டுவதோடு நம் சாலைப் பேச்சு முடிந்துவிடுகிறது. பெரிய திட்டம் ஒன்று வருமுன் அதனால் சாலையில் எத்தனை வண்டி கூடும் என்று கணக்குப் போடும் முறை ஒன்று உண்டு. அந்தக் கணக்குக்கு ஒரு சரித்திரமும் உண்டு. அதில் நம் தாமலுக்கும் காஞ்சிபுரத்துக்கும் பங்கு இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் எழுதுவது. எண்கள் கொஞ்சம் அதிகமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் வாசலில் ஓடும் சாலை. இன்று இதற்குப் பெயர் தேசிய நெடுஞ்சாலை 48. 2010-ல் எண்களை மாற்றும் வரை அது என்.எச். 4. பழைய ஆட்கள் பெங்களூர் டிரங்க் ரோடு என்பார்கள். சென்னையிலிருந்து வரும்போது ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம். மாட்டு வண்டியும் கால்நடையுமாகப் போன காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிப் போக யாரோ ஒரு புண்ணியவான் சத்திரம் கட்டினார், ஊருக்கே அது பெயராகிவிட்டது. மாடு எவ்வளவு தூரம் இழுக்கும், மனிதர் எங்கே களைப்பார் என்று தெரிந்து இடம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதுவும் ஒரு போக்குவரத்து மதிப்பீடுதான். ரிப்போர்ட் எழுதவில்லை, அவ்வளவே.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தப் பாதை அரக்கோணம் வழியாகப் போயிற்று, காஞ்சிபுரத்தைத் தொடவில்லை. தொலைதூரச் சரக்கு ரயிலுக்கு மாற, டிரங்க் ரோட்டின் சத்திரங்கள் தங்கள் முக்கியத்துவத்தை இழந்தன. ஒரு பெரிய கட்டுமானம் வந்தால் அதன் பக்கத்துச் சாலை மட்டுமல்ல, இருபது மைல் தள்ளி இருக்கும் சாலையின் தலையெழுத்தும் மாறும் என்பதற்கு நம் பகுதியில் கிடைக்கும் பழைய உதாரணம் இது. பிற்பாடு லாரி வந்தது, கூட்டம் மறுபடி சாலைக்குத் திரும்பியது.

வண்டிகளை முறையாக எண்ணும் பழக்கம் நம் நாட்டில் எப்போது வந்தது? ஜெயகர் கமிட்டி 1927-ல் நியமிக்கப்பட்டது. அதன் சிபாரிசுகளைத் தொடர்ந்து 1934 டிசம்பரில் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் உருவானது. சாலை எப்படிப் போட வேண்டும், எப்படி எண்ண வேண்டும் என்று இன்றுவரை விதி எழுதுவது இவர்கள்தான். அவர்களுடைய பழைய வழிகாட்டி ஒன்றில் எனக்குப் பிடித்த விஷயம் இது: ஊர்ப்புறச் சாலையில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, ஒவ்வொரு தடவையும் தொடர்ந்து ஏழு நாள், இரவு பகலாக எண்ண வேண்டும். அதில் ஒரு தடவை அறுவடை முடிந்து விளைச்சல் சந்தைக்குப் போகும் காலமாக இருக்க வேண்டும், இன்னொன்று மந்தமான காலமாக இருக்க வேண்டும். எழுதியவருக்கு ஊர் தெரிந்திருக்கிறது.

எண்ணியதை அப்படியே கூட்ட முடியாது. ஒரு சைக்கிளும் ஒரு லாரியும் சாலையில் ஒரே இடத்தையா எடுக்கின்றன? அதனால் எல்லாவற்றையும் காராக மாற்றுகிறார்கள். வங்கியில் டாலரையும் திர்ஹாமையும் ரூபாயாக மாற்றி எழுதுகிறோமே, அதே வேலை. ஊர்ப்புறச் சாலைகளுக்கு 1990-ல் வந்த வழிகாட்டியின்படி கார் 1, ஆட்டோ 1, ஸ்கூட்டரும் சைக்கிளும் தலா அரை, பஸ்ஸும் லாரியும் தலா 3, டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் நாலரை, கைவண்டி 3, குதிரை வண்டி 4, மாட்டு வண்டி 8. ஆமாம், மாட்டு வண்டிக்கு எட்டு. அது மெதுவாகப் போய்ப் பின்னால் வருபவர்களை நிறுத்திவைக்கிறதாம். மாட்டுக்காரர் காதில் விழுந்திருந்தால், ‘பின்னால் வருகிறவன் அவசரத்துக்கு என் மாடா பொறுப்பு?’ என்று கேட்டிருப்பார்.

இந்த மாற்று விகிதத்தில் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்யத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்து 2014-ல் மூடியது. அதன்பின்னும் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. விடியற்காலையில் கிராமம் கிராமமாக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் அந்த பஸ் ஒவ்வொன்றிலும் நாற்பது ஐம்பது பேர். கணக்கில் அது 3. ஆளுக்கொரு காரில் மூன்று பேர் போனாலும் 3. சாலைக்கு இரண்டும் ஒன்று. பஸ்ஸுக்கென்று தனி வழி கேட்டால், ‘பஸ் எண்ணிக்கை குறைவாகத்தானே இருக்கிறது’ என்று பதில் வருவதற்கு இதுவே காரணம். வண்டியை எண்ணுகிறார்கள், ஆளை எண்ணுவதில்லை.

அடுத்தது வளர்ச்சி விகிதம். வேறு புள்ளிவிவரம் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைப்பது வழக்கம். சின்ன எண் போலத் தெரியும். கூட்டு வட்டிக்கு நாங்கள் போடும் 72 கணக்கைப் போடுங்கள்: 72-ஐ 5-ஆல் வகுத்தால் பதினாலு சொச்சம். அதாவது எந்தப் புதுத் திட்டமும் வராமலே பதினாலு பதினைந்து வருஷத்தில் நம் வாசல் போக்குவரத்து இரட்டிப்பாகும். புதுத் திட்டத்தின் வண்டிகள் அதற்கு மேல்.

வெளிநாட்டில் இதை ஆழமாக யோசித்தவர் பிரிட்டனின் காலின் புக்கானன். 1963-ல் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகத்துக்காக அவர் தலைமையில் நகரப் போக்குவரத்து பற்றி ஓர் அறிக்கை வந்தது. ஒரு தெருவில் எத்தனை வண்டி போக முடியும் என்பது ஒரு கேள்வி. அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் நிம்மதியாக நடக்கவும் பேசவும் சாலையைக் கடக்கவும் எத்தனை வண்டி வரை தாங்கும் என்பது வேறு கேள்வி. இரண்டாவது எண் எப்போதும் சிறியது, அதையும் கணக்கில் எடுங்கள் என்றார் அவர். அறுபது வருஷம் ஆகிவிட்டது. நம் ஊர் அறிக்கைகளில் முதல் எண்தான் இன்னும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

இனி கொத்தவால் சாவடி. சென்னை ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களுக்குள் நகரத்துக்கே காய்கறி கொடுத்த மொத்தச் சந்தை. கல்யாணத்துக்குக் காய் வாங்க அங்கே போனவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். வாழை இலையும் சேறும் மனிதர்களும் கலந்த அந்த நெரிசலை மறக்க முடியுமா? இந்தச் சந்தையை வெளியே கொண்டுபோவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் நெடுநாள் திட்டம். 1996-ல் கோயம்பேட்டில் புதுச் சந்தை திறந்தது. காய், கனி, பூ என்று பிரித்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். வெளியூர் லாரிகள் ஜார்ஜ் டவுனுக்குள் நுழைய வேண்டிய அவசியம் போயிற்று. சந்தேகமில்லாமல் நல்ல காரியம்.

கோயம்பேடு அப்போது நகரத்தின் ஓரம். இடம் தாராளம், நூறடிச் சாலை பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையும் பக்கத்தில். சந்தைக்கு மட்டும் என்றால் அந்தச் சாலைகள் போதும். ஆனால் சந்தைக்குப் போதும் என்றால் இன்னொன்றுக்கும் போதும் என்று தோன்றுமல்லவா? பாரிமுனையில் திணறிக்கொண்டிருந்த வெளியூர் பஸ்களுக்காக 2002 நவம்பரில் அதே கோயம்பேட்டில் புறநகர் பேருந்து நிலையம் திறந்தது. ஆம்னி பஸ்களுக்கும் தனி நிலையம் வந்தது. பஸ் வந்ததால் லாட்ஜ், லாட்ஜ் வந்ததால் ஹோட்டல், எல்லாம் வந்ததால் அடுக்குமாடிகள். 2015-ல் மெட்ரோ முதலில் ஓடியதும் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்குத்தான். நெரிசலைத் தீர்க்க 2021-ல் ஒரு மேம்பாலம். ஊருக்கு வெளியே போன சந்தையைச் சுற்றி ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் யாரும் தவறான கணக்குப் போட்டதாக நான் சொல்லவில்லை. சந்தையைத் தனியாகப் பார்த்தால் சரி. பேருந்து நிலையத்தைத் தனியாகப் பார்த்தாலும் சரி. கடன் விண்ணப்பங்களிலும் இதே கதைதான். நான் வேலை பார்த்த கிளை ஒன்றில், ஒரே தெருவில் லாட்ஜ் கட்ட நாலு பேர் தனித்தனியாகக் கடன் கேட்டு வந்தார்கள். ஒவ்வொருவர் திட்ட அறிக்கையிலும் அறைகளில் பெரும்பகுதி நிரம்பும் என்று இருந்தது. தனித்தனியாகப் படித்தால் நாலும் நியாயம். நாலையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்த மேனேஜர் ஒருவர் மட்டும், ‘அத்தனை விருந்தாளிகள் எங்கிருந்து வருவார்கள்?’ என்று கேட்டார். சாலை விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் மேஜை எது என்பதுதான் இன்றும் தெளிவாக இல்லை.

கோயம்பேடும் நிரம்பிய பிறகு என்ன செய்தோம்? மறுபடி வெளியே போனோம். தென் மாவட்டப் பேருந்துகளுக்காக வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புது நிலையம் கட்டி 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். கட்டடம் நன்றாகவே இருக்கிறது. கழிப்பறை, மின்படி, உட்கார இடம் எதற்கும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. தண்டவாளம் பக்கத்திலேயே ஓடியது, ரயில் நிற்க இடம் இல்லை. விமான நிலையத்திலிருந்து அங்கே வரை மெட்ரோ என்பது காகிதத்தில் இருந்தது. நள்ளிரவில் மூட்டையும் குழந்தையுமாக இறங்கியவர்கள் நகரத்துக்குள் வர ஜி.எஸ்.டி. சாலை ஒன்றையே நம்ப வேண்டியிருந்தது. ஆம்னி பஸ்கள் எங்கே நிற்பது என்ற சண்டை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கட்டடத்துக்கு உள்ளே பஸ் எப்படித் திரும்பும் என்று வரைபடம் போட்ட அக்கறை, பயணி வீடு போய்ச் சேருவது எப்படி என்பதில் காட்டப்படவில்லை.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. காஞ்சிபுரம், வேலூர், பெங்களூர் பக்கம் போகும் மேற்குப் பேருந்துகளுக்காகத் திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தில் திட்டமிட்டது இதே வரிசையின் அடுத்த நிலையம். கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோ பிடித்துப் பழகிய நாம், குத்தம்பாக்கத்தில் இறங்கினால் அங்கிருந்து எதில் ஏறுவோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள்.

கட்டடமே இல்லாமல் நம் ஊரில் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்தி வரதர். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை. அதற்கு முந்தையது 1979. அந்த ஆண்டில் எத்தனை வீட்டில் கார் இருந்தது? எத்தனை பேர் கையில், தரிசனப் படத்தை நொடியில் ஊருக்கெல்லாம் அனுப்பும் போன் இருந்தது? நாற்பது வருஷப் பழைய அனுபவம் இந்தக் கூட்டத்துக்கு வழிகாட்டியிருக்க முடியாது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வந்தார்கள். நெரிசலில் உயிர்களும் போயின. வெளியூர் வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, ஓலிமுகமதுபேட்டை போன்ற இடங்களில் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைத்து, அங்கிருந்து சின்னப் பேருந்துகளில் ஆட்களை உள்ளே கொண்டுபோனார்கள். அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருந்த உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். பால் வாங்கப் போவதற்கும் பாஸ் தேடிய கதையைச் சொல்வார்கள்.

அந்த நாட்களில் ஒன்று தெளிவாயிற்று. காரை வெளியே நிறுத்தி ஆளை மட்டும் உள்ளே விட்டால், மூங்கில் மண்டபமும் ரங்கசாமி குளமும் காந்தி ரோடும் அவ்வளவு கூட்டத்தைக்கூட ஓரளவு தாங்குகின்றன. சாதாரண முகூர்த்த மாதத்தில், அந்தக் கூட்டத்தின் சிறு பகுதிகூட இல்லாத நாளில், பட்டுப்புடவை எடுக்க வரும் கார்களால் காந்தி ரோடு நின்றுவிடுகிறது. கல்யாணப் பட்டு எடுக்க ஒரு வீட்டார் வந்தால் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். கார் அதுவரை அங்கேயே நிற்கும். நிற்கும் வண்டிக்கும் சாலையில் இடம் வேண்டும், ஓடும் வண்டியை எண்ணும் தாளில் அதற்குக் கட்டமே கிடையாது.

கட்டமே இல்லாத இன்னொன்று உண்டு. பிள்ளையார்பாளையம் பக்கம் விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரி பார்ப்பார்கள். வீட்டுக்குள் அவ்வளவு நீளம் கிடையாது, அதனால் தெருதான் பட்டறை. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். போக்குவரத்து ஆய்வுக்காரர் அந்தத் தெருவில் உட்கார்ந்தால் ‘காலை 6 முதல் 7: இரண்டு சைக்கிள், ஒரு டி.வி.எஸ். 50, சாலையில் கொள்ளளவு மிச்சம் உள்ளது’ என்று எழுதுவார். மிச்சம் இருக்கும் கொள்ளளவில்தான் ஒரு தறியின் ஒரு மாத வேலை கட்டிக் கிடக்கிறது. நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து கூகுள் மேப் காட்டும் குறுக்கு வழியில் கார்கள் இந்தத் தெருக்களுக்குள் புகுந்தால் முதலில் போவது அந்த ஒரு மணி நேரம்.

இப்போது பரந்தூர். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் வந்தது. ஏகனாபுரம் மக்கள் அறிவிப்பு வந்த நாள் முதல் எதிர்த்துப் போராடிவருகிறார்கள். ஏரியும் வயலும் வீடும் போகிறவர்களின் பேச்சுக்கு முன்னால் பத்து நிமிஷ டிராபிக் பற்றி நாம் பேசுவது சின்ன விஷயம்தான், அது தெரிந்தே எழுதுகிறேன். ஆனாலும் இந்தச் சின்ன விஷயத்தைக் கணக்குப் போட வேறு யாரும் வரப்போவதில்லை.

இறுதி நிலையில் ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும்படி திட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது உடனே இல்லை, பல கட்டங்களுக்குப் பிறகு. 365-ஆல் வகுத்தால் நாளைக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 74 ஆயிரம் பேர். விமானம் மாறிப் போகிறவர்கள் என்று 24 ஆயிரத்தைக் கழித்துவிடுவோம். மிச்சம் இரண்டரை லட்சம். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை மெட்ரோவும் திட்டத்தில் இருக்கிறது. தாராளமாக, பாதிப் பேர் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போய்விடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர். காருக்கு இரண்டு பேர் என்றால் 62,500 கார். வழியனுப்ப வருபவர்கள், காலியாகத் திரும்பும் டாக்சிகள், வேலை செய்பவர்கள், சரக்கு லாரிகள் எதையும் சேர்க்கவில்லை. அதே 1990 வழிகாட்டியில் இருவழிச் சாலைக்கு வைத்த கொள்ளளவு நாளைக்கு 15,000 கார் அளவு. ஆக, இந்தக் குறைந்தபட்சக் கணக்கிலேயே நான்கு இருவழிச் சாலைக்கு மேல் நிரம்புகிறது. இது ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் தோராயக் கணக்கு. என் அனுமானங்களில் எதை மாற்றினாலும் விடை மாறும். பென்சில் எடுத்து நீங்களே மாற்றிப் பாருங்கள்.

அந்த 62,500-ல் நம் தாமல் வழியாக எத்தனை வரும்? பெரும்பான்மை சென்னை நோக்கிப் போகும். ராணிப்பேட்டை, வேலூர், ஆரணி, திருவண்ணாமலை போகிறவர்கள் பத்தில் ஒரு பங்கு என்றால் 6,250 கார். தூக்கத்தைக் கெடுக்கும் எண் இல்லை. சென்னை பெங்களூர் விரைவுச் சாலை, சுமார் 260 கிலோமீட்டர், முழுதாகத் திறந்தால் அதிலும் ஒரு பகுதி அந்தப் பக்கம் போய்விடும். விமானப் பயணிகளின் கார்களைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை என்பது என் முடிவு.

எனக்குக் கவலை வேறு இரண்டில் இருக்கிறது. முதலாவது கட்டும் காலம். தாழ்வான, ஏரிகள் நிறைந்த நிலத்தை மேடாக்க மண் வேண்டும், ஜல்லி வேண்டும், சிமென்ட் வேண்டும். அது லாரியில்தான் வரும், பல வருஷங்கள் வரும். லாரி ஒன்றுக்கு மாற்று விகிதம் 3. எந்தக் குவாரியிலிருந்து எந்த வழியாக எந்த நேரத்தில் வரும் என்பது அறிக்கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்த பிறகு என்ன ஆகும் என்பதை விரிவாக எழுதிவிட்டுக் கட்டும் காலத்தை ஒரு பத்தியில் முடிப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

இரண்டாவது, கோயம்பேட்டில் பார்த்த அதே கதை. விமான நிலையம் என்ற பெயரைச் சொல்லி நெடுஞ்சாலை ஓரம் வரப்போகும் கிடங்குகள், லாட்ஜ்கள், திருமண மண்டபங்கள், நம்மைப் போன்ற அடுக்குமாடிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அனுமதி வாங்கும். இங்கேதான் சட்டத்தில் ஒரு நுணுக்கம். 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி விமான நிலையத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடம் கட்டினாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், விண்ணப்பத்தில் போக்குவரத்து பற்றியும் பதில் எழுத வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு அந்த மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. அதாவது பெரியது ஒன்று வந்தால் மைக் கொடுப்பார்கள். அதைச் சுற்றி இருபது நடுத்தரமானவை வந்தால் யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். 20,000-க்குக் கீழே என்றால் அந்த விண்ணப்பமே இல்லை.

சென்னைப் பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டு 2022-ல் அரசாணை வந்தது. நம் மாவட்டத்தின் பகுதிகளும் அதற்குள். பெரிய வரைபடம் போடும் மேஜை ஒன்று இதனால் கிடைக்கலாம். அந்த லாட்ஜ் மேனேஜரைப் போல அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் நல்லது.

‘சாலையை அகலப்படுத்தினால் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் நம் வாசலையே பார்க்கலாம். தங்க நாற்கரத் திட்டத்தில் நாலு வழியானபோது, இனி நம் காலத்துக்குப் போதும் என்றார்கள். பூந்தமல்லி வாலாஜாபேட்டை இடையே ஆறு வழியாக்கும் வேலை எத்தனை வருஷம் இழுத்தது என்பதை ஒவ்வொரு நாளும் குலுங்கிக் குலுங்கி அனுபவித்தவர்கள் நாம். சாலையின் நிலையைப் பார்த்த உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில், மதுரவாயல் முதல் வாலாஜாபேட்டை வரை பராமரிப்பு முடியும் வரை சுங்கச்சாவடியில் பாதிக் கட்டணம்தான் வாங்கலாம் என்று உத்தரவிட்டது. லண்டனைச் சுற்றி எம்25 என்று ஒரு வட்டச் சாலை 1986-ல் முழுமையாகத் திறந்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாக அதுவும் நிரம்பியது. அகலம் வந்தால் வண்டியும் வரும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அகலப்படுத்துவதோடு சாலையைக் கடக்க வழி, பஸ் நிற்க இடம், சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருப்பது, இவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நாம் நெடுஞ்சாலையில் ஓடுவதைவிட அதைக் கடப்பதுதான் அதிகம். மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு, பஸ் ஸ்டாப்புக்கு. பள்ளி வேன் நிற்பது ஒரு பக்கம், பிள்ளைகளின் வீடு மறுபக்கம். ஒரு சாலையில் நாளைக்கு எத்தனை பேர் குறுக்கே நடக்கிறார்கள் என்ற எண் கையில் இருந்தால், சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ கேட்பது சுலபம். அந்த எண் இல்லாவிட்டால் நாம் கொடுப்பது வெறும் மனு.

ஆகவே சங்கக் குழுவிடம் ஒரு யோசனை வைத்திருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள். நாமே எண்ணுவோம். நம் நுழைவாயிலுக்கு எதிரே இரண்டு நாள்: ஒரு சாதாரணப் புதன்கிழமை, ஒரு முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை. காலை 6 முதல் மாலை 6 வரை, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு வரி. கார், ஆட்டோ, இருசக்கரம், சைக்கிள், பஸ், வேன், லாரி, டிராக்டர் என்று கட்டங்கள். கடைசியில் இரண்டு கட்டம் நான் சேர்த்தது: சாலையைக் கடந்த ஆட்கள், ஓரத்தில் நின்ற வண்டிகள். எதிர்த் திசையில் வரும் இருசக்கரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று சி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார், அதையும் சேர்த்தாகிவிட்டது. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆளுக்கு இரண்டு மணி நேரம், ஒரு நேரத்தில் இரண்டு பேர், போகும் பக்கம் ஒருவர், வரும் பக்கம் ஒருவர். இரண்டு நாளுக்கும் சேர்த்து 24 பேர் வேண்டும். இதுவரை 9 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மதியம் 12 முதல் 2 வரை உட்கார யாரும் முன்வரவில்லை. நாற்காலியும் குடையும் மோரும் சங்கச் செலவு. பெயர் எழுதும் தாள் செக்யூரிட்டி அறையில் இருக்கிறது.